காலையில் நடந்தவர் மதியம் எழ முடியாதது ஏன்? பார்க்கின்சன் பாதித்தவரோடு வாழும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலை 11 மணி. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார் வீட்டுப் பெரியவர். தானே எழுந்து உள்ளே போய் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார்.

மதியம் 3 மணி. அதே நாற்காலி, அதே மனிதர். எழ முடியவில்லை. மருமகள் கைகொடுத்துத் தூக்கியும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நிற்கிறது. இதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்: "காலையில நல்லாத்தானே நடந்தாரு? ஆள் கூட இருந்தா இப்படித்தான். கொஞ்சம் நடிப்பு."

பார்க்கின்சன் நோய் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு ஏதோ ஒரு வடிவத்தில் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால்கூடப் பரவாயில்லை. களைத்துப்போன மகனோ மனைவியோ சொல்லும்போதுதான் பிரச்னை. ஏனென்றால் அது நடிப்பு இல்லை, சோம்பலும் இல்லை. காலையில் போட்ட மாத்திரையின் வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

கை நடுக்கம் என்றாலே பார்க்கின்சன், பார்க்கின்சன் என்றாலே கை நடுக்கம் என்பதோடு பலருடைய புரிதல் நின்றுவிடுகிறது. ஆனால், இந்த நோயோடு தினமும் வாழ்பவர்களுக்கு நடுக்கம் பெரும்பாலும் சின்னப் பிரச்னை. படுக்கையில் புரண்டு படுப்பது, சட்டை பட்டன் போடுவது, வங்கியில் கையெழுத்து போடுவது, ஒரு வாய் தண்ணீரைப் புரையேறாமல் விழுங்குவது எல்லாம்தான் பெரிய பிரச்னைகள்.

மூளையில் என்ன நடக்கிறது?

நம் மூளையின் நடுப்பகுதியில் கருமையான நிறத்தில் ஒரு சிறிய பகுதி இருக்கிறது. அங்குள்ள செல்கள் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. உடல் அசைவு சீராக, தடங்கல் இல்லாமல் நடக்க இந்த டோபமைன் வேண்டும். பார்க்கின்சன் நோயில் இந்தச் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. நடுக்கமோ இறுக்கமோ வெளியே தெரியும்போது, அந்தச் செல்களில் பாதிக்கும் மேல் ஏற்கெனவே போயிருக்கும்.

அதனால்தான் நோய் "திடீர்னு வந்துடுச்சு" என்று தோன்றும். உண்மையில் அது பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம். வாசனை தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கத்துவது, கனவில் வருபவரை நிஜமாகவே கையை வீசி அடிப்பது போன்றவை அதன் முன்னோடிகள். இவை இருந்தாலே பார்க்கின்சன் என்று அர்த்தமில்லை. மூக்கடைப்புக்கும் வாசனை தெரியாதுதான்.

லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயை விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். அவர் விவரித்தது மொத்தமே 6 பேரை. அவர்களில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. அவருடைய பிறந்தநாளான ஏப்ரல் 11 இப்போது உலக பார்க்கின்சன் தினம். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2019-ல் உலகம் முழுவதும் 85 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இந்த நோயோடு வாழ்ந்தார்கள். 25 ஆண்டுகளில் எண்ணிக்கை இரண்டு மடங்காகியிருக்கிறது.

வயதானவர்களுக்கு மட்டும்தான் வரும் என்பதும் சரியில்லை. ஹாலிவுட் நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-ல் இந்த நோய் இருப்பது தெரிந்தபோது வயது 29. அதை வெளியே சொல்ல அவருக்கு 7 ஆண்டுகள் ஆயின. குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு 42 வயதில் தெரிந்தது.

நோயை முழுமையாகக் குணப்படுத்தவோ நிறுத்தவோ இன்றைக்கு மருந்து இல்லை. ஆனால் அறிகுறிகளைக் கட்டுக்குள் வைத்து ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ முடியும். இதில் மருத்துவரின் பங்கு எவ்வளவோ, அந்தளவு வீட்டின் பங்கும் இருக்கிறது.

'ஆன்' நேரம், 'ஆஃப்' நேரம்

1960-களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த லெவோடோபாதான் இன்று வரை இந்த நோய்க்கு முதன்மையான மருந்து. மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். கார்பிடோபா என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரையாகக் கிடைக்கிறது.

ஆரம்ப ஆண்டுகளில் ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் இடையில் வித்தியாசமே தெரியாது. நாளாக நாளாக, மாத்திரை வேலை செய்யும் நேரம் சுருங்கும். மருந்து வேலை செய்யும்போது நடப்பார், பேசுவார், சிரிப்பார். அது 'ஆன்' நேரம். தீர்ந்ததும் உடம்பு இறுகிவிடும். அது 'ஆஃப்' நேரம். பகலில் நான்கைந்து முறைகூட இப்படி மாறி மாறி வரலாம். மேலே சொன்ன 11 மணியும் 3 மணியும் இதுதான்.

இது புரிந்துவிட்டால் வீட்டின் அட்டவணையே மாறும். குளியல், நடைப்பயிற்சி, கோயில், வங்கி, உறவினர் வருகை எல்லாவற்றையும் 'ஆன்' நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும் "சீக்கிரம் குளிங்க, நான் வேலைக்குப் போகணும்" என்பது பெரும்பாலும் நடக்காத காரியம். இரவு முழுக்க மருந்து இல்லாமல் இருந்த உடம்பு அது. முதல் மாத்திரை போட்டு அரை மணி, முக்கால் மணி நேரம் கழித்துக் கேட்டால் அவரே எழுந்து போவார்.

மாத்திரை நேரத்தை "காலை, மதியம், ராத்திரி" என்று வைத்துக்கொள்வது இந்த நோய்க்கு ஒத்துவராது. மருத்துவர் 7, 11, 3, 7 என்று சொல்லியிருந்தால் 7, 11, 3, 7 தான். செல்போனில் அலாரம் வைப்பது எளிய வழி. வெளியே கிளம்பும்போது ஒருவேளை மாத்திரையாவது பையில் இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி தாமதமாகலாம், மாத்திரை தாமதமாகக் கூடாது.

இன்னொன்று: மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. கடும் காய்ச்சல், உடல் இறுக்கம், மனக்குழப்பம் என்று உயிருக்கே உலை வைக்கும் நிலைக்குப் போகலாம். "மாத்திரை சாப்பிட்டு சாப்பிட்டு உடம்பு கெட்டுப்போச்சு, ஒரு மாசம் நிறுத்திப் பார்ப்போம்" என்ற யோசனை யாரிடமிருந்து வந்தாலும் கேட்கக்கூடாது.

பருப்பும் மாத்திரையும் போட்டி போடும்

சாப்பாட்டில் உள்ள புரதமும் லெவோடோபாவும் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போக ஒரே வாசலைத்தான் பயன்படுத்துகின்றன. மூளைக்குள் நுழையும்போதும் அப்படியே. முட்டை, பால், தயிர், பருப்பு, சுண்டல், மீன், கறி இவற்றோடு மாத்திரையைப் போட்டால் வாசலில் நெரிசல். மாத்திரை தோற்றுவிடும். "போட்ட மாத்திரை வேலையே செய்யல" என்று சொல்லும் பல நாட்களுக்குப் பின்னால் ஒரு டம்ளர் பால் இருக்கும்.

பொதுவாக, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, சாப்பிட்டு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் கழித்தோ மாத்திரை போடச் சொல்வார்கள். ஆரம்பத்தில் குமட்டல் இருப்பவர்களுக்கு மட்டும் பிஸ்கட் மாதிரி லேசான எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்வதுண்டு. அதற்காகப் புரதத்தையே நிறுத்திவிடக் கூடாது. ஏற்கெனவே எடை குறையும் நோய் இது. புரதத்தின் பெரும் பகுதியை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். இரும்புச் சத்து மாத்திரையும் லெவோடோபாவின் வேலையைக் குறைக்கும். இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும்.

மலச்சிக்கலும் இதில் சேர்ந்துகொள்ளும். வயிறும் குடலும் மெதுவாக வேலை செய்தால் மாத்திரையும் மெதுவாகத்தான் உள்ளே போகும். தண்ணீர், கீரை, கொய்யா, வாழைத்தண்டு என்று வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டுமே என்று பயந்து பலர் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். அதைக் கவனிக்க வேண்டும்.

பூனைக்காலி விதை பற்றி வாட்ஸ்அப்பில் வரும் தகவல்களில் பாதி உண்மை இருக்கிறது. அந்த விதையில் இயற்கையாகவே லெவோடோபா உண்டு. ஆயுர்வேதத்தில் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. சிக்கல் என்னவென்றால், ஒரு ஸ்பூன் பொடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது பொடிக்குப் பொடி மாறும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் அதற்கு மேல் இதையும் சேர்த்தால் அளவு கூடி, உடம்பு தன்னிச்சையாக முறுக்கிக்கொள்வது, மாயத்தோற்றம் எனப் புதுப் பிரச்னைகள் வரும். "இயற்கைதானே" என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது தவறு.

கேஸ் மாத்திரையில் ஒளிந்திருக்கும் வில்லன்

தமிழ்நாட்டில் நெஞ்செரிச்சல் என்றால் மருந்துக்கடையில் நின்று "ஒரு கேஸ் மாத்திரை கொடுங்க" என்று கேட்பது சாதாரணம். அதில் சில மாத்திரைகளில் பான்டோபிரசோல் போன்ற மருந்தோடு லெவோசல்பிரைடு என்ற மருந்தும் கலந்திருக்கும். அது மூளையில் டோபமைன் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடும். பார்க்கின்சன் இருப்பவருக்கு நிலைமை மோசமாகும். பார்க்கின்சன் இல்லாதவருக்கே அதே மாதிரி நடுக்கமும் இறுக்கமும் வரலாம். நல்ல செய்தி, அப்படி மருந்தால் வந்தது மருந்தை நிறுத்திய பிறகு பெரும்பாலும் சரியாகும்.

வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளுனரிசின், மனக்குழப்பத்தில் கத்துபவரை அமைதிப்படுத்தப் போடும் ஹாலோபெரிடால் ஊசி ஆகியவையும் இதே வகை. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு காகிதத்தில் எழுதி, மாத்திரை அட்டவணையோடு சேர்த்து பர்ஸில் வைத்தால் போதும். புது மருத்துவர் எந்தச் சீட்டு எழுதினாலும் "இவருக்கு பார்க்கின்சன் இருக்கு, இது ஒத்துக்குமா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

வேறு ஏதாவது காரணத்துக்காக, உதாரணமாக இடுப்பெலும்பு முறிந்து, மருத்துவமனையில் சேர்க்கும்போது இந்தக் காகிதம் இன்னும் முக்கியம். வார்டில் மாத்திரை கொடுக்கும் நேரமும் நோயாளியின் மாத்திரை நேரமும் ஒன்றாக இருக்காது. பிரிட்டனில் இதற்காகவே 'சரியான நேரத்தில் மாத்திரை கொடுங்கள்' என்று ஒரு பிரசாரமே நடக்கிறது. அங்கேயே அந்த நிலைமை என்றால், ஒரு செவிலியர் ஒரு வார்டையே பார்க்கும் நம்மூரில் கூட இருப்பவர்தான் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கால் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள்

நடந்துகொண்டே இருப்பவர் திடீரென நின்றுவிடுவார். கால் பசை போட்டு ஒட்டியது போல இருக்கும் என்பார்கள். நிலைப்படியைத் தாண்டும்போது, குறுகலான இடத்தில், திரும்பும்போது, லிஃப்ட் கதவு திறக்கும்போது, "சீக்கிரம் வாங்க" என்று யாராவது சொல்லும்போது இது வரும். இதை உறைநிலை என்று சொல்லலாம்.

அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுத்தால் மேல் உடம்பு முன்னால் வரும், கால் வராது. விழுவார். செய்ய வேண்டியது நேர் எதிர். நிற்க விடுங்கள். மூச்சு விடட்டும். உடம்பின் எடையை இடமும் வலமுமாக மெல்ல மாற்றச் சொல்லுங்கள். பிறகு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுங்கள், அல்லது உங்கள் காலை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்து "இதைத் தாண்டுங்க" என்று சொல்லுங்கள். பல நேரம் தாண்டிவிடுவார்.

கேட்க வினோதமாக இருக்கும். ஆனால் தானாக நடக்கும் நடையை நடத்துகிற மூளைப் பாதைதான் பழுதாகியிருக்கிறது. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, யோசித்து எடுத்து வைக்கும் அடிக்கு மூளை வேறு பாதையைப் பயன்படுத்துகிறது. அது ஓரளவு நன்றாகவே இருக்கும். நெதர்லாந்து நரம்பியல் மருத்துவர் பாஸ்டியான் ப்ளூம், சில அடிகள்கூட நடக்க முடியாத ஒரு நோயாளி ஜோராக சைக்கிள் ஓட்டுவதை 2010-ல் மருத்துவ இதழில் பதிவு செய்தபோது மருத்துவ உலகமே ஆச்சரியப்பட்டது.

நம் நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. புனேயைச் சேர்ந்த வடிவமைப்பாளர் மிலேஹா சோனேஜி, பார்க்கின்சன் பாதித்த தன் சித்தப்பாவைக் கவனித்து வந்தார். சமதரையில் வாக்கர் வைத்தும் தடுமாறும் அவர், மாடிப்படியில் மட்டும் சரளமாக ஏறி இறங்குவதைப் பார்த்தார். உடனே அவருக்கு ஒரு யோசனை. படிக்கட்டு போலவே கண்ணுக்குத் தெரியும் படத்தைத் தரையில் ஒட்டினார். அதன் மேல் சித்தப்பா வாக்கர் இல்லாமல் நடந்தார். 2015-ல் ஒரு டெட் மேடையில் அவர் காட்டிய அந்த வீடியோவை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். செலவு? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

வீட்டில் எளிதாகச் செய்யக்கூடியது, அடிக்கடி நின்றுவிடும் இடத்தில் தரையில் ஓர் அடி இடைவெளியில் பளிச்சென்ற கலர் டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டுவது. எல்லாருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல முடியாது. ஒருவருக்குக் கோடு, ஒருவருக்கு எண்ணிக்கை, இன்னொருவருக்கு மனதுக்குள் ஒரு பாட்டு. எது ஒத்துவருகிறது என்று பிசியோதெரபிஸ்டோடு சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும்.

நின்ற இடத்திலேயே சட்டென்று திரும்புவது விழுவதற்கான நேர்வழி. மாட்டு வண்டி திரும்புவது போல அகலமாக வளைந்து திரும்பப் பழக்க வேண்டும். நடக்கும்போது கையில் டம்ளரைக் கொடுத்து, கூடவே கேள்வியும் கேட்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு வேலை.

சிரிக்காத முகம், கேட்காத குரல்

நோயின் மிகக் கொடுமையான பகுதி இதுதான் என்று சொல்லலாம். முகத் தசைகள் இறுகுவதால் முகத்தில் உணர்ச்சி தெரியாது. பேரன் ஓடி வந்து பரீட்சை மார்க்கைக் காட்டுகிறான். தாத்தா உள்ளுக்குள் பூரித்துப்போகிறார். முகம் கல்லாக இருக்கிறது. பேரன் வாடிப் போகிறான். "அவருக்கு எதுலயும் அக்கறை இல்ல", "எப்பப் பார்த்தாலும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறார்" என்று வீட்டில் பேச்சு வரும். மனைவிமார்கள் பலர் வருடக்கணக்கில் இதைக் கோபம் என்றே நினைத்திருப்பார்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. "தாத்தாவுக்கு சிரிப்பு உள்ளே இருக்கு, முகத்துக்கு வர்றதில்ல" என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும், பெரியவர்களை விடவும் நன்றாகவே.

குரலும் இப்படித்தான். தாங்கள் சாதாரணமாகப் பேசுவதாக அவர்கள் நினைப்பார்கள். எதிரில் இருப்பவருக்குக் கேட்கவே கேட்காது. "சத்தமா பேசுங்க" என்று நாள் முழுக்கச் சொன்னால் பேசுவதையே நிறுத்திவிடுவார். அதற்குப் பதிலாக டிவியை அணைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, பதில் வர நேரம் கொடுக்க வேண்டும். பாதியில் நாமே வாக்கியத்தை முடித்து வைக்கக் கூடாது. அமெரிக்காவில் 1980-களில் உருவான, உரக்கப் பேச வைக்கும் பயிற்சி முறை ஒன்று இப்போது இந்தியாவிலும் பேச்சுப் பயிற்சியாளர்களிடம் கிடைக்கிறது. வீட்டிலேயே தினமும் செய்தித்தாளை வாய்விட்டுப் படிப்பது, சத்தமாகப் பாடுவது ஆகியவையும் உதவும்.

பார்க்க வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளி எதிரிலேயே உட்கார்ந்திருக்க, மனைவியிடம் "அவர் எப்படி இருக்கார், சாப்பிடறாரா?" என்று கேட்காதீர்கள். அவரிடமே கேளுங்கள். நடுங்கும் கையையே உற்றுப் பார்த்தால் நடுக்கம் இன்னும் கூடும்.

சட்டை, டம்ளர், கட்டில்

பட்டனுக்குப் பதில் வெல்க்ரோ வைத்துத் தைத்த சட்டை, முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி, பெரிய எலாஸ்டிக் இடுப்பு. தமிழ்நாட்டு ஜவுளிக்கடைகளில் இளைஞர்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் விற்கும் 'ஒட்டிக்கோ' வேட்டி இவர்களுக்கு வரப்பிரசாதம். கட்டிய வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று பயந்தே வெளியே போவதை நிறுத்தியவர்கள் உண்டு. முதலில் அதிகம் இறுகும் கையைச் சட்டைக்குள் விட்டு, பிறகு மற்ற கையை விட்டால் போடுவது சுலபம்.

எவர்சில்வர் டம்ளரில் தளும்ப காபி கொடுப்பதை நிறுத்திவிட்டு, கைப்பிடி வைத்த கனமான கப்பில் பாதி அளவு கொடுக்கலாம். தட்டுக்குப் பதில் விளிம்பு உயர்ந்த அகலக் கிண்ணம். அடியில் ஈரத்துணி போட்டால் வழுக்காது.

சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, விழுங்கும் நேரத்தில் தாடையைச் சற்றுக் கீழே இறக்குவது பலருக்கு உதவும். படுத்த நிலையில் ஊட்டவே கூடாது. தண்ணீர் குடிக்கும்போது இருமல், சாப்பிட்ட பிறகு குரல் கரகரப்பு, அடிக்கடி சளிக் காய்ச்சல் இருந்தால் உணவு நுரையீரலுக்குப் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ரசம் சாதம் போல நீரும் பருக்கையும் சேர்ந்த உணவுதான் நோயாளிக்கு எளிது என்று வீடுகளில் நினைக்கிறார்கள். விழுங்குவதில் சிக்கல் உள்ளவர்களுக்கு அதுதான் கடினம். குழைந்த பொங்கல், கெட்டியான கூழ் போன்று ஒரே பதத்தில் இருப்பது எளிதாக இறங்கும். எந்தப் பதம் சரி என்பதைப் பேச்சு மற்றும் விழுங்குதல் பயிற்சியாளர் சோதித்துச் சொல்வார்.

படுக்கையில் புரள முடியாமல் இரவில் பத்து முறை மனைவியை எழுப்புவது இன்னொரு பெரிய தொல்லை. இடுப்புப் பகுதியில் வழவழப்பான துணியை விரித்தால் புரள்வது எளிதாகும். கனமான கம்பளி வேண்டாம். காலையில் எழுந்ததும் நேரே நிற்கக் கூடாது. ரத்த அழுத்தம் சட்டென இறங்கி மயக்கம் வரும். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் நிற்க வேண்டும்.

பாத்ரூமில் சுவரில் கைப்பிடிக் கம்பி, உட்கார்ந்து குளிக்க ஸ்டூல், வெஸ்டர்ன் டாய்லெட். உள்தாழ்ப்பாள் வேண்டாம். வீட்டில் உள்ள மிதியடிகளை எடுத்துவிடுங்கள், முக்கியமாகச் சுருண்டுகொள்ளும் பழைய சாக்கு மிதியடிகளை.

உடற்பயிற்சி பற்றி ஒரே வரி: மருந்துக்கு இணையான சிகிச்சை அது, 'ஆன்' நேரத்தில் தினமும் செய்ய வேண்டும். நடை, சைக்கிள், நடனம் எதுவானாலும் சரி.

வெளியே சொல்லத் தயங்கும் விஷயங்கள்

"ரூம் மூலையில ரெண்டு குழந்தைங்க நிக்குது" என்று பெரியவர் சொல்கிறார். வீட்டில் பயம். சில ஊர்களில் அடுத்த நிறுத்தம் மந்திரிப்பவர் வீடு. இது நோயாலும் மருந்தாலும் வரும் மாயத்தோற்றம். குழந்தைகள், பூனை, பூச்சிகள் தெரிவதாகச் சொல்வது வழக்கம். "அங்க ஒண்ணுமே இல்ல" என்று சண்டை போட வேண்டாம், "ஆமா ஆமா" என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "எனக்குத் தெரியல. பயமா இருக்கா? நான் இருக்கேன்" என்றால் போதும். விளக்கைப் போட்டால் பல நேரம் மறைந்துவிடும். திடீரென ஒரே நாளில் குழப்பம் அதிகமானால் சிறுநீர்த் தொற்று போன்ற வேறு காரணம் இருக்கலாம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று பணம் சம்பந்தப்பட்டது. பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்குக் கட்டுப்படுத்த முடியாத ஆசைகளைத் தூண்டும். சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது, அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, பாலியல் நாட்டம். வாழ்நாள் முழுக்க ஒரு பைசாவை வீணடிக்காத மனிதர் 65 வயதில் போனில் சீட்டாடி சேமிப்பைக் கரைத்தால், குடும்பம் அவர் குணத்தைத்தான் குறை சொல்லும். காரணம் மாத்திரையாக இருக்கலாம். மருத்துவரிடம் சொன்னால் மருந்தைப் படிப்படியாகக் குறைப்பார். வெட்கப்பட்டு மறைத்தால் போவது சேமிப்பு மட்டும் இல்லை.

மனச்சோர்வும் நோயின் பகுதிதான். "நோய் வந்துட்டதே என்ற கவலை" மட்டும் அல்ல. அதற்குத் தனி சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

கையெழுத்து மாறினால்? உதவித்தொகை உண்டா?

எழுத்து வரவர எறும்பு ஊர்ந்தது போலச் சின்னதாகிக்கொண்டே போவது இந்த நோயின் அடையாளம். வங்கியில் "கையெழுத்து ஒத்துப்போகல" என்று திருப்பி அனுப்புவார்கள். ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலில் இதற்கு இடம் இருக்கிறது. கையெழுத்துப் போட முடியாத நோயாளி கைரேகை வைக்கலாம். இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். இன்னும் நன்றாக எழுதும் காலத்திலேயே கணவன் மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழை போனில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் மூலம் கொடுத்துவிடலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பார்க்கின்சன் நோயால் வரும் பாதிப்பை மாற்றுத்திறனாகவே அங்கீகரிக்கிறது. இது பல குடும்பங்களுக்குத் தெரியாது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் பாதிப்பு என்று அரசு மருத்துவக் குழு சான்று கொடுத்தால் தனித்துவ அடையாள அட்டை கிடைக்கும். தமிழ்நாட்டில் பார்க்கின்சன் பாதித்தவர்களுக்கு மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகை திட்டம் உள்ளது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கும் வசதியும் உண்டு. பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். முதியோர்களுக்கான இலவச உதவி எண் 14567.

பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

பெரும்பாலான வீடுகளில் அது மனைவி, அல்லது மகள், அல்லது மருமகள். இரவில் நான்கு முறை எழுந்து, பகலில் நான்கு அலாரத்துக்கு ஓடி, நடுவில் சமைத்து, அவருக்கே சுகரும் மூட்டு வலியும் இருக்கும். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கட்டுரைகளை அனுப்பிவிட்டு "இதை ட்ரை பண்ணீங்களா?" என்று கேட்பார்கள். (இந்தக் கட்டுரையையும் அப்படி அனுப்பலாம்தான். ஆனால் கூடவே வேறு ஒன்றையும் அனுப்ப வேண்டும்.)

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பது உதவி இல்லை. களைத்தவருக்கு என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்வதே ஒரு வேலை. "ஞாயித்துக்கிழமை காலையில 9-லருந்து 12 வரை நான் வந்து இருக்கேன், நீங்க தூங்குங்க", "மாத்திரை வாங்குறது இனி என் பொறுப்பு", "அடுத்த செக்கப்புக்கு நான் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்" என்பதுதான் உதவி. வருபவருக்கு மாத்திரை நேரமும், கால் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

பார்த்துக்கொள்பவர் எரிச்சலில் கத்திவிடுவார். பிறகு அழுவார். இது கெட்ட மனம் இல்லை, தூக்கம் இல்லாத உடம்பு. ஒருநாள் சொந்த ஊருக்குப் போய் வருவதற்கும் சினிமா பார்ப்பதற்கும் குற்ற உணர்ச்சி தேவையில்லை. இதே நிலையில் உள்ள மற்ற குடும்பங்களோடு பேசுவது நிறைய பேருக்கு ஆறுதல் தருகிறது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பார்க்கின்சன் நோய் மற்றும் இயக்கக் கோளாறு சங்கம் இப்படிப்பட்ட ஆதரவுக் குழுக்களைப் பல ஊர்களில் இலவசமாக நடத்துகிறது. உங்கள் நரம்பியல் மருத்துவரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது

ஒரு வினோதம் எல்லா வீட்டிலும் நடக்கும். வீட்டில் எழவே முடியாதவர், டாக்டர் அறையில் ஜம்மென்று நடந்து காட்டுவார். கிளம்பும் முன் மாத்திரை போட்டிருப்பார், போதாததற்குக் கொஞ்சம் பரபரப்பும். டாக்டர் "நல்லா இருக்காரே" என்று அதே மாத்திரையை எழுதிவிடுவார். ஓபி-யில் கிடைப்பது பத்து நிமிடம்.

அதனால் போனில் மூன்று வீடியோ எடுத்து வையுங்கள். காலை மாத்திரைக்கு முன் ஒன்று, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, மோசமான நேரத்தில் ஒன்று. அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். கூடவே மூன்று நாட்களுக்கு ஒரு நோட்டில் மாத்திரை போட்ட நேரம், 'ஆன்' ஆன நேரம், 'ஆஃப்' ஆன நேரம், எத்தனை முறை விழுந்தார் என்று எழுதுங்கள். அளவைக் கூட்டுவதா, இடைவெளியைக் குறைப்பதா, மூளையில் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பதா என்று மருத்துவர் முடிவெடுக்க ஸ்கேனை விட இந்த நோட்டுதான் அதிகம் உதவும்.